முதியோர் வாழும் வீடும் விஞ்ஞானமும்

மனிதனின் ஆயுளை நீட்டித் தந்தது விஞ்ஞானம். நீண்டு கிடைத்த அந்த ஆண்டுகளை எத்தகைய வீட்டில், எவருடைய உதவியோடு கழிப்பது என்னும் கேள்வி மட்டும் இன்னும் பெரும்பாலும் வீட்டாரிடமே விடப்பட்டிருக்கிறது. நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று அது ஏறக்குறைய 70. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அறுபது வயதை எட்டியவர்களும் கடந்தவர்களும் சேர்ந்து 10 கோடியே 38 லட்சம் பேர். 2050-ம் ஆண்டில் இத்தொகை 34 கோடியைத் தாண்டும் என்றும், அப்போது ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருப்பார் என்றும் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. 2011-ம் ஆண்டுக் கணக்கில் கண்ட முதியோரில் நூற்றுக்கு எழுபது பேர் கிராமங்களில் வசிப்போர் என்பது கிராம ஊழியரும் ஆசிரியரும் சிறப்பாக மனத்திற்கொள்ளத் தக்கது.

முதியோருக்கு உதவும் தொழில் நுட்பம் என்றால், நோயாளியைத் தூக்கும் யந்திரம், மணிக்கட்டில் கட்டி நாடியைக் கணக்கிடும் கடிகாரம், பேசும் பொம்மை ஆகியவையே பொதுவாக மனக்கண்முன் தோன்றுகின்றன. கண்காட்சிகளில் கூட்டம் கூடுவதும் அவற்றைச் சுற்றித்தான். அவற்றை இகழ வேண்டியதில்லை. ஆயினும், இத்துறையில் எந்தச் சாதனத்தையும் நிறுத்துப் பார்ப்பதற்கு மிக எளிய எடைக்கல் ஒன்று உண்டு. எழுபத்தைந்து வயதான ஒரு மூதாட்டி இரவு இரண்டு மணிக்கு விழித்து, எவரையும் எழுப்பாமல் கழிப்பிடம் சென்று, விழாமல் திரும்பி வந்து படுக்க முடிகிறதா என்பதே அது. இந்தப் பரீட்சையில் நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலானவை தேறமாட்டா. அவற்றைத் தேறச் செய்வதற்கு வேண்டிய பொருள்கள் கொத்தனாரிடமும் மின்சாரப் பணியாளரிடமும் இன்றே உள்ளன.

இருட்டும் படியும்

முதியவர் இரவில் எழுவது சோம்பலினாலோ தூக்கக் கேட்டினாலோ மட்டும் அன்று. நீரிழிவு, ஆடவர்க்கு வரும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம், இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் ஆகியவை ஓர் இரவில் இரண்டு மூன்று முறை எழுப்பிவிடும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சிறிது நேரம் தாழ்வதுண்டு. இளைஞரின் உடல் அதை உடனே சரிசெய்துகொள்ளும், முதியவரின் உடல் தாமதிக்கும். தலை சுற்றும் அந்த நேரத்தில் கண்ணும் அவருக்குத் துணை செய்வதில்லை. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது. பாவை சுருங்கிவிடுவதும், விழியின் ஆடி மஞ்சள் பூத்துவிடுவதும் இதற்குக் காரணம். ஆகவே, மகனுக்குப் போதுமான வெளிச்சம் தாய்க்கு இருட்டே. மின்சாரச் செலவு கருதித் தாழ்வாரத்து விளக்கை அணைத்துவிடும் குடும்பத்தலைவர், எந்த இடத்தில் சிக்கனம் செய்கிறார் என்பதை அறிவதில்லை.

இந்நிலையில் அவர் கடக்க வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். அறையின் நிலைப்படி ஒன்று, முற்றத்துக்கு இறங்கும் படி ஒன்று, புழக்கடைக்குச் செல்லும் வழியில் கழுவிவிடப்பட்ட சிமெண்டுத் தரை, அதில் ஈரம், பாதையோரத்தில் தண்ணீர்க் குடம், கடைசியில் கழிப்பிடத்தின் மேடை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்ததனால் மாள்கின்றனர் என்றும், அவர்களுள் மிகுதியானோர் அறுபது வயதைக் கடந்தோர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இம்மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிகழ்வது நடுத்தர, குறைந்த வருமானமுள்ள நாடுகளில். சாவில் முடியாத வீழ்ச்சியும் சிறிதன்று. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. படுக்கையில் கிடப்பதனால் சளி கட்டி நுரையீரல் நோயும், முதுகில் படுக்கைப் புண்ணும் தொடர்கின்றன. அடிபடாமல் தப்பியவரும், மறுபடி விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, அதனால் கால் தசை மெலிந்து, அக்காரணம் பற்றியே மறுபடி விழுகின்றனர்.

பரிகாரம் எளிது. 2015-ம் ஆண்டு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் நாட்டில் விநியோகமாகியுள்ளன. அரை வாட் அல்லது ஒரு வாட் சக்தியுள்ள சிறு விளக்கு ஒன்று, இரவு முழுதும் எரிந்தாலும் மாதச் செலவில் தெரியாது. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்குகளும் இப்போது சிறு நகரக் கடைகளிலேயே கிடைக்கின்றன. விளக்கைவிட அது வைக்கப்படும் இடமே முக்கியம். கண்ணுக்கு நேரே கூசும்படி அன்றி, தரைக்கு அருகில், படியின் விளிம்பு தெரியும்படி பொருத்த வேண்டும். படி விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளையோ மஞ்சளோ தீட்டுவது பழைய இரயில் நிலையங்களில் எல்லோரும் கண்டிருக்கக்கூடிய முறை. கட்டிலருகே கையெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்சு, அதே விளக்குக்குக் கழிப்பிட வாசலில் இன்னொரு சுவிட்சு என்று மாடிப்படிக்குக் கம்பி இழுப்பதுபோல் இழுத்துவிட்டால், ஒரு முனையில் போட்டு மறுமுனையில் அணைக்கலாம். இதை அறியாத மின்சாரப் பணியாளர் எந்த ஊரிலும் இல்லை. முதியவர் அறைக்கு இது வேண்டும் என்று அவரிடம் கேட்பவர்தாம் குறைவு.

சாய்தளம் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஏற்றுக்கொண்டுள்ள அளவு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் போதும்; அதற்கு எந்த வாசலிலும் இடமுண்டு. 60 சென்டிமீட்டர் உயரத் திண்ணைக்கு இதே கணக்குப்படி 7 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே இரண்டு மூன்று மீட்டரில் செங்குத்தாக ஒரு சரிவைக் கட்டி, வழவழப்பாகச் சிமெண்டு பூசி, சாய்தளம் அமைத்தாயிற்று என்று கணக்கு எழுதிவிடுவதும் உண்டு. மழை நாளில் அது சறுக்குமரம். அத்தகைய இடத்தில், படியின் உயரத்தைப் பாதியாக்கி எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதும், இருபுறமும் கைப்பிடி வைப்பதும் செலவு குறைந்தவை, பயனும் மிகுதி.

கதவு எப்பக்கம் திறக்கிறது?

2014-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீடுதோறும் கழிப்பிடம் என்பதைக் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குக் கொண்டு சேர்த்தது. இருட்டில் வெளியே சென்றுகொண்டிருந்த முதிய பெண்களுக்கு இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால், அக்கழிப்பிடங்களில் மிகுதியானவை குந்தி அமரும் வகையைச் சேர்ந்தவை. மூட்டு தேய்ந்தவர்க்கு உட்காருவது ஒரு வேதனை; எழுவது அதனினும் பெரிய வேதனை. பலர் இதற்கு அஞ்சியே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கின்றனர். அதனால் மலச்சிக்கலும், சிறுநீர்த் தாரையில் நோய்த்தொற்றும், கோடையில் மயக்கமும் வருகின்றன. மருத்துவரிடம் சென்றால் மாத்திரை கிடைக்கும். நோயின் வேர் கழிப்பிடத்தில் இருப்பது சீட்டில் எழுதப்படுவதில்லை.

பீங்கானைப் பெயர்த்தெடுத்து மாற்ற வேண்டும் என்பதில்லை. அதன்மேல் வைக்கக்கூடிய, நடுவில் துளையிட்ட, உறுதியான கால்களையுடைய முக்காலி போன்ற இருக்கை போதுமானது. இருக்கை 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம். எழும்போது பிடித்துக்கொள்ளப் பக்கச் சுவரில் ஒரு குழாய், ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ளதாக, கை வழுக்காதபடி பொருத்த வேண்டும். மண் சுவரிலும், செங்கலைக் குத்தாக நிறுத்திக் கட்டிய மெல்லிய சுவரிலும் திருகாணி நிற்காது. அவ்விடங்களில் தரையில் குழி தோண்டி, கான்கிரீட்டில் தூண்போல் நட வேண்டும். முதியவர் தம் உடல் எடை முழுவதையும் அதன்மேல் போடுவார் என்பதை மறந்து, துண்டு காயப்போடும் கம்பியையே கைப்பிடியாகக் கருதுவது ஆபத்து.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கழிப்பிடக் கதவுகள் உட்புறமாகத் திறக்கின்றன. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடலே கதவுக்கு முட்டுக்கட்டை ஆகிவிடும். வெளியிலிருப்போர் கதவை உடைத்தே அவரை எடுக்க நேரும், அதிலும் உடைந்த கதவு அவர்மேல் விழும். வெளிப்புறமாகத் திறக்கும்படி கீலை மாற்றுவதும், தேவையானபோது வெளியிலிருந்து நீக்கக்கூடிய தாழ்ப்பாள் வைப்பதும் ஒரு தச்சனின் அரைநாள் வேலை. வழியின் அகலம் 90 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது சக்கர நாற்காலி உபயோகிப்போருக்காக வகுக்கப்பட்ட அளவு. நாற்காலியை இலவசமாகக் கொடுத்து, அது நுழைய முடியாத கதவையும் அப்படியே விட்டுவிட்டால், நாற்காலி முற்றத்தில் துணி காயவைக்கவே பயன்படும்.

2016-ம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டம், சமையலறை உள்ளிட்டு 25 சதுர மீட்டர் பரப்பைக் குறைந்த அளவாக வகுத்திருக்கிறது. இந்தச் சிறிய பரப்புக்குள் அகலமான கதவும், ஒரே மட்டத்திலுள்ள தரையும், கைப்பிடி நிற்கக்கூடிய கெட்டிச் சுவரும் வரைபடத்திலேயே இடம் பெற்றால், அதற்கு ஆகும் கூடுதல் செலவு மிக அற்பம். கட்டி முடித்த பின் இடித்துத் திருத்துவது அவ்வாறன்று. ரூர்க்கியில் 1947-ல் நிறுவப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் போன்ற ஸ்தாபனங்கள் மலிவு வீடுகளைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளன. கட்டிய வீட்டை முதுமைக்கேற்ப மாற்றுவது எங்ஙனம் என்பதைக் கொத்தனார் கையில் கொடுக்கத் தக்க ஓர் ஒற்றைத்தாள் படமாக, எல்லா மொழிகளிலும் வெளியிடுவது அத்தகைய நிலையங்களின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.

ஜப்பானிலிருந்து ஒரு பாடம்

முதியோர் பராமரிப்பில் யந்திர மனிதர்களை ஈடுபடுத்தும் நாடு என்று ஜப்பான் பெயர் பெற்றுள்ளது. சீல் குட்டியின் உருவில் அமைக்கப்பட்டு, தடவிக்கொடுத்தால் முனகும் பாரோ என்னும் கருவி உலகமெங்கும் பத்திரிகைகளில் இடம் பெற்றது. அந்நாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் தங்கி இத்தகைய கருவிகளின் உபயோகத்தைக் கவனித்த ஜேம்ஸ் ரைட் என்னும் மானிடவியல் ஆராய்ச்சியாளர், அவை ஊழியரின் வேலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பல சமயம் கூட்டிவிட்டன என்று 2023-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். கருவியை எடுத்துவர வேண்டும், இயக்க வேண்டும், துடைக்க வேண்டும், முதியவரோடு அது இருக்கும்போது ஒருவர் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

அதே ஜப்பானில், பத்திரிகைகள் அதிகம் எழுதாத மற்றொன்றும் உண்டு. 2000-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டத்தின்கீழ், உதவி தேவைப்படுபவர் என்று சான்று பெற்ற முதியவரின் வீட்டைத் திருத்துவதற்கு 2 லட்சம் யென் வரையிலான செலவு ஏற்கப்படுகிறது. பயனாளி பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கைத் தாம் தருகிறார். வருமானம் மிகுந்தோர் இன்னும் சற்று அதிகம் தருகின்றனர். எந்தெந்த வேலைக்கு இத்தொகை? கைப்பிடி பொருத்த, தரையின் ஏற்றத்தாழ்வை நீக்க, வழுக்காத தரை போட, கதவை மாற்ற, குந்தும் கழிப்பிடத்தை அமரும் கழிப்பிடமாக ஆக்க. யந்திர மனிதனுக்குப் பெயர் போன நாடு முதலில் கைப்பிடிக்குப் பணம் ஒதுக்குகிறது என்பது நம் நாட்டில் இத்துறைக்குத் திட்டம் தீட்டுவோர் கவனிக்க வேண்டிய செய்தி.

இதற்கு ஓர் ஆட்சேபம் கூறப்படும். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும் அதையே வற்புறுத்துகிறது. வீட்டில் கைப்பிடி வைப்பதற்கும் சர்க்கார் பணம் வேண்டுமா என்று கேட்பர். கடமை இருக்கட்டும். அக்கடமையைச் செய்யும் கைகள் யாருடையவை என்பதையும் பார்க்க வேண்டும். எண்பது வயது மாமியாரை இரவில் மூன்று முறை தாங்கிப் பிடித்துக் கழிப்பிடம் அழைத்துச் செல்பவள் ஐம்பத்தைந்து வயது மருமகள்; அவளுக்கே முழங்கால் வலி; விடிந்தால் நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போக வேண்டியவள். குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று அறிக்கையில் எழுதப்படும் ஒரு வரியின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இத்தகைய ஒரு பெண்ணின் தூக்கமின்மை. சுவரில் பதித்த குழாய் மாமியாரின் மானத்தையும் மருமகளின் உறக்கத்தையும் ஒருசேரக் காக்கிறது. தவிர, இந்தியாவில் நீள்முதுமை ஆய்வு என்னும் பெயரில் 2017-18-ல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, முதியோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பேர் தனித்தே வாழ்கின்றனர். அவர்களைத் தாங்கிப் பிடிக்க இரவில் எவரும் இல்லை. ஆதலால், முதியவர் உள்ள ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றும் வீட்டைத் திருத்துவதற்கென ஒரு சிறு தொகையை உரிமையாகக் கேட்டுப் பெற வழி செய்வது, புதிய கட்டடம் எழுப்பி முதியோர் இல்லம் நடத்துவதைக் காட்டிலும் முந்திச் செய்யத் தக்கது. பணம் கொடுத்துத் தங்கும் ஓய்வுகால இல்லங்களுக்கு மத்திய சர்க்கார் 2019-ல் மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. அவை வரவேற்கத் தக்கவையே. ஆனால் அங்கே போகக்கூடியவர் மிகச் சிலர்.

கைத்தடியின் உயரம்

2017-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரப் பிரதேசத்து நெல்லூரில் தொடங்கி வைக்கப்பட்ட ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோர்க்குக் கைத்தடி, ஊன்றுகோல், நடைச் சட்டம், காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல், சக்கர நாற்காலி ஆகியவற்றை இலவசமாக அளிக்கிறது. கான்பூரிலுள்ள செயற்கை உறுப்புத் தயாரிப்புக் கழகம் இப்பணியை நிறைவேற்றுகிறது. திட்டம் நல்லது. ஆயினும் விநியோக முகாம் முடிந்தவுடன் வேலையும் முடிந்தது என்று கருதுவது தவறு. கைத்தடி நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் ரேகை வரும் உயரத்தில் இருக்க வேண்டும். அதிகமானால் தோள் வலிக்கும். குறைந்தால் முதுகு கூனும். வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் அதைப் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. திரைப்படங்களில் பெரும்பாலும் தவறாகவே பிடிக்கின்றனர். நுனியிலுள்ள ரப்பர் குமிழ் தேய்ந்ததும் மாற்றாவிட்டால், காப்பாற்ற வந்த தடியே ஈரத் தரையில் வழுக்கி ஆளை வீழ்த்தும். அந்தக் குமிழின் விலை சில ரூபாய்கள். கிராமத்துக் கடையில் அது கிடைக்கிறதா என்று பார்ப்பதே கள ஊழியர் செய்யக்கூடிய பெரிய உதவி.

காது கேட்கும் கருவி இவற்றுள் மிகவும் பரிதாபமானது. அதன் பொத்தான் வடிவப் பாட்டரி ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும். நடுங்கும் விரலால் அதை மாற்றுவதும் கடினம். முதல் நாள் கருவியைப் பூட்டியவுடன் எல்லா ஒலியும் இரைச்சலாகக் கேட்பதால், பழக்கப்படுத்த எவரும் இல்லாதவர் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார். செவியின்றிப் போனவரிடம் வீட்டாரும் பேச்சைக் குறைத்துவிடுகின்றனர். அதற்குப்பின் அவரை மறதிக்காரர் என்று கூறத் தொடங்குகின்றனர்.

கண்ணாடியின் கதை வேறு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடத்தி 2018-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், அருகிலுள்ளதைப் பார்ப்பதற்கு எளிய கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் மிகுதியாக உயர்ந்தது. அரிசியில் கல் பொறுக்கவும், மாத்திரை அட்டையில் பெயர் படிக்கவும், பேரக்குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கவும் முடிந்த கிழவியை வீட்டார் நடத்தும் விதமே வேறு. அதை எந்த ஆராய்ச்சியும் அளக்கவில்லை.

கோடையைப் பற்றி ஒரு சொல். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகிறது. வியர்வைச் சுரப்பும் குறைகிறது. 2010-ம் ஆண்டு மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகையை எட்டியபோது, வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள் அந்த ஒரு மாதத்தில் 1,300-ஐத் தாண்டின. அந்நகரம் 2013-ல் நாட்டுக்கே முன்மாதிரியாக வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. கூரைமேல் வெள்ளைப் பூச்சுப் பூசுவது அதன் வழியாகப் பரவிய முறைகளுள் ஒன்று. தெலங்கானா 2023-ல் இதற்கெனவே ஒரு கொள்கையை வெளியிட்டது. தகரக் கூரை அல்லது கான்கிரீட்டுக் கூரையின் கீழே, காற்றோட்டமற்ற பின்னறையில் முதியவரைப் படுக்கவைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், ஏப்ரல் மாதம் பிறப்பதற்கு முன் இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிடுவது மின்விசிறி வாங்குவதைவிட மலிவு. மின்சாரம் நின்றபோதும் வேலை செய்யும்.

மணியடித்தால் யார் வருவார்?

செய்தித் தொடர்புச் சாதனங்கள் முதியோருக்கு மெய்யான வரம் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க ஆண்டுதோறும் நவம்பரில் அலுவலகங்களுக்கு நடந்துகொண்டிருந்தனர். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் முறை அந்த நடையைக் குறைத்தது. ஆனால் அதற்கு விரல் ரேகை வேண்டியிருந்தது. முதுமையில் தோல் வறண்டு ரேகை மங்கிவிடும், வயலிலும் செங்கற்சூளையிலும் உழைத்தவர்க்கு முன்னரே தேய்ந்திருக்கும். 2020-ல் தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்று பெறும் ஏற்பாடும், 2021-ல் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறையும் வந்தன. குறையைக் கண்டு சாதனம் திருத்தப்பட்டது. நியாயவிலைக் கடையில் இதே ரேகை பொருந்தாமையால் வெறுங்கையோடு திரும்பும் முதியவர்க்கு இவ்வளவு விரைவாக நியாயம் கிடைக்கவில்லை. ரேகை பொருந்தாததைக் காரணமாகக் காட்டி ரேஷனை மறுக்கலாகாது என்றும், வேறு வழியில் அடையாளம் கண்டு பொருளை வழங்க வேண்டும் என்றும் ஆதார் ஆணையம் 2017-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. அச்சுற்றறிக்கை இருப்பதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல முதியவருக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். படித்த ஊழியரின் கடமை அங்கேதான் தொடங்குகிறது.

விழுந்தவுடன் தானே செய்தி அனுப்பும் கருவிகளும், கழுத்தில் தொங்கவிட்டு ஆபத்தில் அமுக்கும் பொத்தான்களும் இப்போது நகரங்களில் விற்கின்றன. கருவியின் உள்ளே உடலின் வேக மாற்றத்தை அளக்கும் நுண்ணிய உறுப்பு உள்ளது. சட்டென்று உட்கார்ந்தாலும் அது சில சமயம் விழுந்ததாகவே எண்ணிவிடும். பொய்யாக நாலு முறை ஒலித்தால் ஐந்தாம் முறை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மெய்யாக ஒலித்தாலும், மணியோசை சேருமிடத்தில் புறப்பட்டு வர ஓர் ஆள் இல்லாவிட்டால் அக்கருவி வெறும் அணிகலன். மூத்த குடிமக்களுக்கென 2021-ம் ஆண்டு முதல் நாடெங்கும் 14567 என்னும் தொலைபேசி உதவி எண் இயங்கி வருகிறது. அவசரத்துக்கு 112 உண்டு. இவ்விரண்டு எண்களும் முதியவரின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா? அவற்றுக்குக் கீழே அடுத்த வீட்டுக்காரரின் எண் எழுதப்பட்டிருக்கிறதா? முதலில் ஓடி வரக்கூடியவர் அவரே.

வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் அறையில் காமிரா பொருத்திவிடும் வழக்கம் பரவி வருகிறது. அன்பினால் செய்யப்படுவதுதான். ஆயினும், உடை மாற்றும்போதும் தம்மை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சகித்துக்கொள்ளும்படி எழுபது வயதினரைக் கேட்பது நியாயமாகுமா? 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி மனிதர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவல்களுக்குப் பொருந்தாது. ஆகவே இங்கே காவல் மனச்சாட்சி ஒன்றே. கேட்டு, சம்மதம் பெற்று, முன்கூடத்தோடு நிறுத்திக்கொள்வது முறை. மறதி நோயுற்று வழி தவறிப் போகக்கூடியவர் நாட்டில் ஏறக்குறைய 88 லட்சம் முதியோர் உள்ளதாக 2023-ல் மதிப்பிடப்பட்ட தொகையினுள் அடங்குவர். அவர்கள் வீட்டில் வாசற்கதவில் கட்டிய ஒரு வெண்கல மணி, காமிராவின் வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

கருவியும் ஆளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு இயக்கம் மெள்ள மெள்ள ஊர்ப் பொதுமக்களின் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் அந்த ராஜ்யம் இதற்கெனக் கொள்கை ஒன்றை ஏற்றது. பஞ்சாயத்துக்களின் ஆதரவில் தாதி வீடு தேடிச் செல்கிறாள். அவள் பையில் இருப்பவை எளிய சாமான்கள். மாறி மாறி ஊதித் தணியும் காற்றுப் படுக்கை ஒன்றை அவள் ஒரு வீட்டில் வாங்கி மற்றொரு வீட்டுக்குக் கொடுக்கிறாள். இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிவிட வேண்டும் என்று வீட்டாருக்குக் கற்பிக்கிறாள். படுக்கை மட்டும் வந்து அவள் வராவிட்டால் புண் ஆறுவதில்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் விகிதத்தைக் கரும்பலகையில் கற்பதைவிட, ஓர் அளவுநாடாவைக் கொண்டு தன் பாட்டியின் அறையிலிருந்து கழிப்பிடம் வரையுள்ள படிகளின் உயரத்தையும், கதவின் அகலத்தையும், கட்டிலின் உயரத்தையும் அளந்து ஏட்டில் குறித்துவந்து கற்பது நன்று. கட்டிலில் அமர்ந்தால் பாதம் தரையில் முழுதும் பதிய வேண்டும். பதியாவிட்டால் காலை வெட்டிக் குறைக்கலாம், மிகத் தாழ்ந்திருந்தால் செங்கல் வைத்து உயர்த்தாமல் மரக்கட்டை பூட்டி உயர்த்தலாம். இரவில் ஒரு முறை அவனே அவ்வழியே நடந்து பார்க்கட்டும். முப்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பு, ஒரே வாரத்தில், அந்தக் கிராமத்தில் எத்தனை கைப்பிடி, எத்தனை விளக்கு, எத்தனை கதவு திருத்தப்பட வேண்டும் என்னும் பட்டியலைத் தயாரித்துவிடும். எந்த அலுவலகத்திலும் இன்று அப்பட்டியல் இல்லை.

அக்டோபர் முதல் நாளை உலக முதியோர் தினமாக ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1990-ல் அறிவித்தது. அதற்கு மறுநாளான அக்டோபர் 2-ல் கிராம சபைகள் கூடுகின்றன. கிராம பஞ்சாயத்துகளின் அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்கான வேலையும் அதையொட்டித் தொடங்குகிறது. செப்டம்பர் மாதத்துக்குள் அளவெடுத்து முடித்தால், பட்டியல் அந்தச் சபையின் மேசைக்குப் போய்ச் சேரும். கிராம சேவகர் அதில் கொத்தனார் கூலியையும் குழாயின் விலையையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் போதும்.